மலைநாட்டில் உயரத்துக்கா பஞ்சம்? ஷவரில் தண்ணீர் ஏன் நூலாக இறங்குகிறது

கொட்டகலைப் பக்கத்தில் 7 பேர்ச் காணியில் அக்கா வீடு கட்டிக் குடிபோனார். ஒரு வருடம் ஆகவில்லை, ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரி இறங்கத் தொடங்கிவிட்டது. தலையில் போட்ட ஷாம்புவைக் கழுவவே கால் மணி நேரம். பைப் பாஸ் வந்து அண்ணாந்து பார்த்தார். "பிரஷர் பத்தாதுக்கா, சின்ன மோட்டர் ஒன்னு பூட்டுவோம்" என்றார். ஹார்ட்வெயார் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். மோட்டர் விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? மோட்டரும் வந்தது. சுவிட்சைப் போட்டால் கூரைக்கடியில் கல் அரைக்கிற சத்தம். ஷவரில் மட்டும் அதே நூல்.

மலைநாட்டில் குளியலறைத் தண்ணீர் பற்றிய எந்த முறைப்பாடும் 'பிரஷர் இல்லை' என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குள் வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. தண்ணீர் நிற்கும் உயரம் போதாமல் இருக்கலாம். உயரம் இருந்தும் வரும் வழி அடைபட்டிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, சுடுதண்ணி ஹீட்டருக்குத்தான் சக்தி போதாமல் இருக்கலாம். மோட்டர் உதவுவது முதலாவதற்கு மட்டும். மலையில் வீடு கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பதோ மற்ற இரண்டும்.

முதலில் உயரம். தாங்கியில் தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் அழுத்தம். தாங்கி 500 லீற்றரா 1,000 லீற்றரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. சின்னக் குழாயில் நின்றாலும் குளத்தில் நின்றாலும் 10 மீற்றர் உயரத் தண்ணீர் கொடுப்பது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். இதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய்களில் தண்ணீர் 400 மீற்றருக்கு மேல் கீழே வருகிறது. அடியில் 40 பார். அந்த அழுத்தம்தான் சுழலியைச் சுற்றுகிறது. அக்கா வீட்டுத் தாங்கி பாத்ரூம் சிலாப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டம் ஷவர் தலைக்கு மேலே 7 அடி. அதாவது 0.2 பார். லக்ஷபானவில் இருநூறில் ஒரு பங்கு.

குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஹோட்டலில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும், சாப்பாட்டுத் தட்டு அளவு மழை ஷவரை இந்த உயரத்தில் பூட்டினால் கூரை ஒழுகுவது போலத்தான் இருக்கும். அதற்கு 1 பார் அளவுக்காவது வேண்டும். ஆனால் பழைய மாதிரி சின்னத் தலை ஷவருக்கு 7 அடி போதும். நிச்சயமாக நூலாக இறங்கக் கூடாது. அப்படியானால் அந்த 7 அடி எங்கே போனது?

அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மேசன் பாஸ்மார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி ஹோஸ் இருக்கிறதே, அது போதும். பாத்ரூமில் வாளி நிரப்பும் குழாயில் ஒரு முனையை இறுக்கிக் கட்டினோம். மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, ஏணியில் ஏறித் தாங்கிக்கும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் மற்றக் குழாய்கள் எல்லாம் மூடியிருக்க, இந்த ஒன்றை மட்டும் திறந்தார்கள். ஹோஸுக்குள் தண்ணீர் மெதுவாக ஏறி, தாங்கியின் தண்ணீர் மட்டத்துக்கு நேரே வந்து நின்றது. சுவரில் ஒரு கரிக்கோடு போட்டேன். பிறகு "ஷவரைத் திறங்கக்கா" என்று கத்தினேன். ஹோஸில் நின்ற தண்ணீர் மளமளவென்று இறங்கி, கோட்டுக்குக் கீழே 5 அடியில் போய் நின்றது. ஷவரை மூடினால் மறுபடி ஏறுகிறது. திறந்தால் இறங்குகிறது. 7 அடியில் 5 அடி குழாய்க்குள்ளேயே தொலைந்துபோய், ஷவருக்கு மிஞ்சியது 2 அடிதான்.

சம்பளத் துண்டு மாதிரிதான் இது. மேலே எழுதியிருக்கும் தொகை ஒன்று, பிடிப்பெல்லாம் போய்க் கைக்கு வருவது இன்னொன்று. தண்ணீர் நிற்கும்போது பிடிப்பு எதுவும் இல்லை, அதனால் முழு உயரமும் தெரியும். ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவும் வால்வும் குறுகலான மூட்டும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். குழாய்களை மூடி வைத்து அழுத்தத்தை அளந்துவிட்டு "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஓடவிட்டு அளக்க வேண்டும். ஷவரைத் திறந்தும் ஹோஸில் மட்டம் அவ்வளவாக இறங்கவில்லையா? அப்போது கோளாறு ஷவர் தலையிலோ அதற்குப் போகும் கடைசிக் கிளையிலோ இருக்கிறது. நிறைய இறங்கினால் தாங்கிப் பக்கமாகப் போய்த் தேட வேண்டும்.

நாங்கள் தேடியது தாங்கிப் பக்கம். தாங்கியை விட்டு வெளியே வந்ததும் ஒரு மலிவான பித்தளை கேட் வால்வ். கைப்பிடி ஒழுங்காகத்தான் சுற்றியது. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே எவ்வளவு திறந்தாலும் உள்ளே திறக்காது. மோட்டரைப் பூட்டியிருந்ததோ அந்த வால்வுக்கு அப்பால். உறிஞ்சத் தண்ணீர் கிடைக்காத மோட்டருக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி நொறுங்கும். கல் அரைத்த சத்தம் அதுதான். கால் சுற்றில் திறந்து மூடும் 'போல் வால்வ்' (பந்து வால்வ்) ஒன்றை அந்த இடத்தில் போட்ட பிறகு, ஷவரைத் திறந்தபோது ஹோஸில் மட்டம் ஒன்றரை அடிதான் இறங்கியது.

வழியில் இப்படி நிற்கும் ஆட்கள் இன்னும் சிலர் உண்டு. மூட்டில் சுற்றும் வெள்ளை டேப்பின் துணுக்கு உள்ளே போய் ஹீட்டரின் வாயில் இருக்கும் சின்ன வலையில் ஒட்டிக்கொள்ளும். பீவிசி மூட்டுக்குப் பசையை அள்ளிப் பூசினால் உள்பக்கம் வரம்பு கட்டிவிடும், அதை வெளியிலிருந்து காணவே முடியாது. பழைய டவுன் வீடுகளில் இருக்கும் இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்துப் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். காசு மிச்சம் என்று தாங்கியிலிருந்தே அரை அங்குலக் குழாயை இழுத்துவிடுவதும் உண்டு. உள்விட்டம் இரண்டு மடங்கானால் அதே உயரத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு தண்ணீர் போகும் என்பது குழாய்க் கணக்கு. தாங்கி உயரம் குறைந்த வீட்டில் தடித்த குழாய் ஒரு ஆடம்பரமல்ல. தாங்கியிலிருந்து ஒரு அங்குலத்தில் இறக்கி, பாத்ரூமுக்குள் போன பிறகு குறைப்பதுதான் சரி.

ஷவர் தலையை இரவு முழுக்க வினாகிரியில் ஊறவையுங்கள் என்ற புத்திமதியை எங்கேயும் கேட்கலாம். யாழ்ப்பாணத்துக்கு அது பொருந்தும். அங்கே சுண்ணாம்புக்கல் நிலம், தண்ணீர் கடினம், துவாரங்களில் வெள்ளைப் படிவு ஏறும். நம் ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, சவர்க்காரம் நுரைத்துக்கொண்டே இருப்பதிலிருந்தே தெரியும். திகனப் பக்கம் போல டொலமைட் பாறை உள்ள இடங்கள் விதிவிலக்கு. மற்றபடி இங்கே அடைப்பது மணல், பாசி, தேயிலைச் சருகு, அப்புறம் இரும்புச் சத்துள்ள ஊற்றுகளில் உண்டாகும் செம்மஞ்சள் சளி. வினாகிரி இதில் பெரும்பாலானவற்றை அசைக்காது. தலையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் கழுவி, பழைய பல் பிரஷால் தேய்க்க வேண்டியதுதான். தலை இல்லாமல் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டால் உள்ளே நிற்கும் குப்பையும் வந்துவிடும்.

எப்போது குறைந்தது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் அடைப்பு. நேற்று வந்தது இன்று வரவில்லை என்றால் வால்வ், அல்லது காற்று. கனத்த மழைக்கு மறுநாள் என்றால் மணல். காலை ஆறு மணிக்கு மட்டும் என்றால், அந்நேரம் எல்லோரும் குளிக்கிறார்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைக்கும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரைக்கும் குறைந்தால் ஊற்றே வற்றியிருக்கிறது. அதற்குக் குழாய் வைத்தியம் பலிக்காது.

இனி ஹீட்டர். மலைநாட்டுக்கே உரிய விஷயம் இதில் ஒன்று இருக்கிறது. தண்ணீரை ஓடும்போதே சுடவைக்கும் சின்ன மின் ஹீட்டர்களைத்தான் பலர் பூட்டியிருக்கிறார்கள். ஒன்று 3.5 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு அது தரக்கூடிய வெப்பம் 210 கிலோஜூல். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். நுவரெலியாவில் குழாய்த் தண்ணீர் 15 பாகையில் வருகிறது, குளிக்க 40 பாகை வேண்டும் என்றால், ஏற்ற வேண்டியது 25 பாகை. லீற்றருக்கு 105 கிலோஜூல். ஆக, நிமிடத்துக்கு 2 லீற்றர். அவ்வளவுதான். ஒரு 10 லீற்றர் வாளி நிரம்ப 5 நிமிடம். கொழும்பில் தண்ணீர் 27 பாகையில் வந்தால் அதே ஹீட்டர் நிமிடத்துக்கு 4 லீற்றர் அளவுக்குத் தரும். கொழும்பில் வேலை செய்கிற தம்பி தன் அறையில் பார்த்துப் பழகிய ஹீட்டரை ஊருக்கு வாங்கி அனுப்பினால், ஊரில் அது பாதிதான் பெய்யும். யாரையும் ஏமாற்றவில்லை, குளிர் அப்படி.

சூடு போதவில்லை என்று திருகைக் குறைத்துக் குறைத்து வைக்கிறோம், தண்ணீர் நூலாகிறது, பழி பிரஷர் மேல் விழுகிறது. சோதிப்பது சுலபம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திருகை முழுதும் திறந்து பாருங்கள். பச்சைத் தண்ணீர் தாராளமாகக் கொட்டினால் அழுத்தத்தில் குறையே இல்லை. தாங்கி மிகத் தாழ்வாக இருந்தால் இதற்கு நேர்மாறான தொல்லையும் வரும். உள்ளே இருக்கும் சுவிட்ச் ஓட்டத்தை உணராமல், ஹீட்டர் பற்றுவதும் அணைவதுமாக இருக்கும், தலையில் ஒரு நேரம் சுடும், ஒரு நேரம் விறைக்கும். கூடிய வாட் ஹீட்டருக்கு மாறினால் ஓரளவு சரிவரும், ஆனால் தடித்த வயரும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும், அதை மின்வேலை படித்தவரிடம் விடுங்கள். என் கருத்தில், குளிர் கூடிய இடங்களுக்குச் சேமித்துச் சுடவைக்கும் கீசர்தான் பொருத்தம். அதில் 60 பாகையில் இருக்கும் 30 லீற்றரைக் குளிர்ந்த தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற சூட்டில் 50 லீற்றருக்கு மேல் கிடைக்கும், வேண்டிய வேகத்தில். அடுப்பில் அண்டாவை வைத்துவிட்டு வாளியில் விளாவிக் குளிக்கிற லயத்துப் பழக்கமும் இதே கணக்குத்தான்.

இவ்வளவும் சொந்தத் தாங்கி உள்ள வீட்டுக் கதை. தோட்டங்களில் பாதிப் பிரச்சினை வீட்டுக்கு வெளியே, காட்டு ஊற்றிலிருந்து இறங்கும் குழாயில் இருக்கிறது. முன்பு பீலிக்கரைக்கு வந்து நின்ற தண்ணீர்தான் இப்போது கறுப்புக் குழாய்களில் வீடு வீடாகப் பிரிந்து வருகிறது. பீலியில் குடம் வைத்த காலத்தில் சண்டை வரிசைக்காக. இப்போது சண்டை உயரத்துக்காக.

மேட்டு வீட்டில் தண்ணீர் வராது, பள்ளத்து வீட்டில் குழாய் வெடிக்கும். இரண்டும் ஒரே குழாயில், ஒரே நாளில் நடக்கும். கீழ் வீடுகளில் குழாய்களைத் திறந்ததும், அக்கா வீட்டு ஹோஸில் மட்டம் இறங்கியது போலவே பொதுக் குழாயிலும் மட்டம் இறங்குகிறது. அது மேட்டு வீட்டுக் குழாய்க்கும் கீழே போய்விட்டால் அங்கே சொட்டும் வராது, காற்றுத்தான் வரும். கீழ்வீட்டுக்காரர் திருடவில்லை. ஆனால் அவருடைய தாங்கியில் மிதவை வால்வ் இல்லாமல், நிரம்பிய பிறகும் கானுக்குள் வழிந்துகொண்டே இருந்தால், மேட்டு வீட்டுத் தண்ணீர்தான் அந்தக் கானில் போகிறது. ஊர்கூடிப் பேசுவதற்குமுன் ஒருவர் போய் எந்தத் தாங்கி வழிகிறது என்று பார்த்துவிட்டு வருவது நல்லது. நிலையான வழி, மேட்டு வீட்டுக்கும் மேலே ஒரு பொதுத் தாங்கி கட்டி, அங்கிருந்து ஒவ்வொரு வரிசைக்கும் தனிக்குழாய் இறக்குவது. ஊற்று வீட்டை விட 100 மீற்றர் மேலே இருந்தால் அடியில் 10 பார் நிற்கும். கடையில் '1000' என்று கேட்டு வாங்கும் பீவிசி குழாய்க்கு அதுதான் எல்லை. யாராவது வால்வைப் படக்கென்று மூடினால் அதையும் தாண்டும். இறக்கத்தின் நடுவில் ஒரு திறந்த தொட்டி வைத்து, தண்ணீரை அதில் விழவிட்டு மறுபடி குழாயில் எடுத்தால், அழுத்தம் அங்கே முறிந்து பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

'காத்து அடைச்சிருச்சு' என்பார்களே, அதுவும் உண்மைதான். காட்டுக்குழாய் நேராக இறங்குவதில்லை, ஓடையில் இறங்கி, மேட்டில் ஏறி, மறுபடி இறங்கும். ஊற்று வற்றும்போதோ குழாயை வெட்டி ஒட்டும்போதோ உள்ளே புகுந்த காற்று, மேட்டின் உச்சியில் போய்க் குந்திக்கொள்ளும். தண்ணீர் அதற்கு அடியில் ஒதுங்கி ஒதுங்கிப் போகும். உச்சியில் மூட்டைக் கழற்றி 'உஸ்ஸ்' என்று காற்று போனதும் திருப்பிப் பூட்டுவது பெரியவர்கள் கண்ட வைத்தியம். ஒவ்வொரு முறையும் கழற்றாமல் அங்கே ஒரு 'டீ' மூட்டும் சின்னக் குழாயும் பூட்டிவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறந்ததும் காற்று வெளியே வராமல் விரலை உள்ளே இழுத்தால் உடனே மூடிவிடுங்கள். தண்ணீர் ஓடும்போது அந்த இடத்தில் ஹோஸ் பிடித்தால் எந்த மட்டத்தில் நிற்குமோ, அதற்கும் மேலே அந்த மேடு இருக்கிறது, திறந்து வைத்தால் இன்னும் காற்றைக் குடிக்கும். அப்போது குழாயை மேட்டைச் சுற்றித் தாழ்வாகக் கொண்டுபோக வேண்டும், அல்லது கீழ் முனையில் வால்வைக் கொஞ்சம் மூடிப் பிடிக்க வேண்டும். மூடினால் தண்ணீர் கூடுமா என்று சிரிப்பார்கள். ஓட்டம் குறைய மேலே மட்டம் உயரும், காற்று புகுவது நிற்கும், விட்டு விட்டு வந்த தண்ணீர் விடாமல் வரும். ஊற்றுவாயில் குழாய் முனை எப்போதும் ஒரு அடியாவது தண்ணீருக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் சுழித்துக் காற்றையும் சேர்த்து இழுக்கும்.

உயரம்தான் உண்மையில் குறை என்று ஹோஸ் சொல்லிவிட்டால்? சமநிலத்துக்காரர் கோபுரம் கட்ட வேண்டும். நமக்கு வீட்டுக்குப் பின்னாலேயே மேடு இருக்கிறது. தாங்கியைக் கூரையிலிருந்து இறக்கி, அந்த மேட்டில் முன்பு இருந்த மட்டத்தை விட 5 மீற்றர் மேலே வைத்தால் மின்கட்டணம் இல்லாமல் அரை பார் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் வெட்டிய மண்சுவரின் விளிம்பில் வைக்காதீர்கள். 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன், அதோடு வழிகிற தண்ணீர் முழுதும் அந்தச் சரிவுக்குள் இறங்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலைநாட்டில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. சரிவில் சந்தேகம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். எப்படியும் வழியும் குழாயைக் கான் வரை கொண்டுபோய் விடுங்கள்.

மோட்டர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மாடி வீட்டில், பின்னால் மேடும் இல்லாவிட்டால் அதுதான் வழி. தாங்கியிலிருந்து எடுத்துத் தள்ளட்டும். வீதிக் குழாயில் நேரடியாகப் பூட்டினால் அயல்வீட்டுத் தண்ணீரை உறிஞ்சுவதோடு, வெடிப்பு இருக்கும் இடத்தில் கான் தண்ணீரையும் குழாய்க்குள் இழுத்துவிடும். கீழே கிணற்றிலிருந்து உறிஞ்சுவதாக இருந்தால் இன்னொன்று: மோட்டர் தண்ணீரை இழுப்பதில்லை, காற்றழுத்தம்தான் மேலே தள்ளுகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அந்த அழுத்தம் குறைவு. பெட்டியில் போட்டிருக்கும் உறிஞ்சும் ஆழத்தில் 2 மீற்றரைக் கழித்துக்கொண்டு கிணற்றைப் பாருங்கள்.

அக்கா வீட்டில் செலவானது கடைசியில் ஒரு போல் வால்வும் ஒரு முழம் டேப்பும். ஷவர் இப்போது ஒழுங்காகப் பெய்கிறது, சுடுதண்ணிக்குத் திருகைக் குறைக்கும் விடியற்காலை தவிர. கழற்றிய மோட்டரைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அத்தான் அதைப் பீப்பாயோடு பூட்டி லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் அடிக்கிறார்.